சாயங்காலம் வந்துவிடுவார்

ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் வாத்தியார் வாயைத் திறக்கவே வேண்டாம் என்கிற காலம் வந்த பிறகுதான் நான் அந்தத் தொழிலுக்கு வந்தேன்.

தண்டையார்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல் மாடி. முன்பு நானும் என் மனைவியும் அங்கே பிரவுசிங் சென்டர் நடத்தினோம். எல்லோர் கையிலும் போன் வந்ததும் அது படுத்துவிட்டது. பிறகு மனைவியும் போய்விட்டாள். மிஞ்சியவை பிளைவுட் தடுப்புகள், பழைய கம்ப்யூட்டர்கள், நான். பேசினால் திருப்பிப் பேசுகிற சாட்பாட் வந்த சமயம், தடுப்புக்கு ஒரு ஹெட்போன் மாட்டி, ‘பேசப் பேச ஆங்கிலம் வரும்’ என்று வாசலில் ஒரு பலகை எழுதி வைத்தேன். மெஷினைத் திறந்துவிடுவது, நேரம் முடிந்தால் மூடுவது, ஒயர் பிய்ந்தால் ஒட்டுவது, இவ்வளவுதான் என் வாத்தியார் வேலை.

என் ஆங்கிலமும் யாரும் சொல்லித் தந்ததில்லை. துறைமுகத்துக் குடோனில் சரக்கு எண்ணும் வேலையில் இருந்தபோது, பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டது. ‘இந்தப் பக்கம் மேலே’, ‘நனையக்கூடாது’, ‘உடையும் பொருள்’, இவைதான் என் முதல் பாடங்கள். அதனால், பேங்க் கவுண்டரில் கேட்ட கேள்விக்கு ‘யெஸ்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, வெளியே பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றுகொண்டு முழுப் பதிலையும் பிழையில்லாமல் மனசுக்குள் சொல்லிப் பார்த்தவர் உங்களில் யாராவது இருந்தால், நான் உங்களுக்கு வேற்று ஆள் இல்லை. நம் ஆட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ம்

தேவராஜ் துறைமுகத்தில் சரக்கு தூக்குகிற வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேரப்பிள்ளைகள் கனடாவில். ‘தாத்தா’ என்பதற்கு மேல் அவர்களுக்குத் தமிழ் கிடையாது. ‘ஹலோ’ என்பதற்கு மேல் இவருக்கு ஆங்கிலம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை போனில் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள், அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய வந்தார்.

முதல் நாளே மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். மெஷின் பேச ஆரம்பிக்கும், நாலு வார்த்தையில் நின்றுவிடும். மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும். எனக்கும் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகுதான் கவனித்தேன். அது நாலு வார்த்தை சொன்னதும் தேவராஜ் தலையை ஆட்டி ‘ம்’ என்கிறார். எதிராளி ஏதோ சொல்ல வருகிறார் என்று நினைத்து அது மரியாதையாக வாயை மூடிக்கொள்கிறது. அது சும்மா இருப்பதால் இவரும் சும்மா இருக்கிறார். இரண்டு பேரும் ஒருவர் பேச்சுக்கு மற்றவர் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

“ம் கொட்டாம கேளுங்க” என்றேன். முயன்று பார்த்தார். துண்டை வாயில் வைத்துக்கூடப் பார்த்தார். மூக்கு வழியாக வந்தது. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: “மாஸ்டர், ஒருத்தன் பேசிகினு இருக்கச்சொல்ல நானு ம் போடாம கீறேன்னா, நானு செத்துட்டேன்னு அர்த்தம்.”

மூலைத் தடுப்பு

பிலோமினாவுக்கு வீடு ராயபுரத்தில். எனக்கென்று ஒரு மகள் பிறந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும். அதனால் அவள் என்றே எழுதுகிறேன். கணவர் அந்தோணி எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேனுக்குச் சைகை காட்டும் வேலையில் இருந்தவர். வேலையில் நிற்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. கம்பெனி, அவருக்குப் பதிலாக வீட்டம்மாவுக்கு ஒரு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. கேட் பாஸ் கவுண்டரில் ஓர் இடம் காலி. கப்பல் ஏஜெண்டுகள் வந்து போகிற இடம், ஆங்கிலம் பேச வேண்டும், இன்டர்வியூ உண்டு. ஆங்கிலம் வரவில்லை என்றால் யார்டு பெருக்குகிற வேலை.

“கவுண்டரு கேட்டு கிட்டயே கீது சார். உள்ள போவவே வேணாம்” என்றாள். “பெருக்கற வேலைன்னா அவரு வுழுந்த எடத்தயே நானு தெனம் பெருக்கணும்.”

இதைச் சொல்லும்போது அழவில்லை. பேச்சே அபூர்வம். மூலைத் தடுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் சில நாள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்; மெஷின் ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஒருநாள் தடுப்புக்குப் பின்னால் மெல்லிய குரலில் ஆங்கிலம் வர ஆரம்பித்தது. அடுத்தடுத்த நாட்களில் அது நீண்டது. தெருவில் ஒரு வார்த்தை பேசாத பெண், பிளைவுட்டைப் பார்த்து விடாமல் பேசினாள். எனக்கு ஆச்சரியம். சென்டர் ஆரம்பித்ததிலிருந்து பார்க்கிறேன். கலகலப்பாகப் பேசுகிறவர்கள் இந்த மெஷின் முன்னால் திணறுகிறார்கள், வாய் திறக்காதவர்கள் மளமளவென்று பேசுகிறார்கள். எப்படியம்மா என்று கேட்டேன்.

“தெருவுல எவங்கிட்ட பேசினாலும் மொதல்ல என் மூஞ்சப் பாத்து ‘ஐயோ பாவம்’ங்கறான் சார். இதுக்கு என்னப் பத்தி ஒண்ணும் தெரியாது.”

சரக்கு பார்க்கத் தெரியாதவன்

மெஷினை ஒரே நாளில் எடைபோட்டவர் அண்ணாச்சிதான். தெற்கத்திக்காரர், பருப்பு மொத்த வியாபாரம். இப்போது கம்பெனிக்காரர்கள் எல்லாம் ஆங்கிலத்தில் போன் பண்ணுகிறார்கள் என்று வந்தார். அவர் என்ன சொன்னாலும் மெஷின் ‘அருமை, ரொம்ப நன்றாகச் சொன்னீர்கள்’ என்றது. அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வேண்டுமென்றே ‘ஐ இஸ் கோயிங் யெஸ்டர்டே’ என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும், நல்ல முயற்சி, கருத்து தெளிவாகப் புரிகிறது என்று ஆரம்பித்து, கடைசியில் பூனை மாதிரி வந்து சின்னதாக ஒரு திருத்தம் சொன்னது.

மூச்சை இழுத்து விட்டார். கடையில் பையன் தப்பாக எடை போட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிற மனிதர். போகும்போது என்னிடம் சொன்னார்: “இல்லைங்கிற வார்த்தையே இவன் வாயில வராதா வே? சொத்தைப் பருப்பையும் நல்ல பருப்புன்னு சொல்லுதவங்கிட்ட யாவாரம் பழகி நான் எங்கன போயி விக்க?”

பக்கத்துத் தடுப்பு

தேவராஜ் விடவில்லை. ம் கொட்டாமல் கேட்கப் பழகுவதற்காக அவராகவே ஒரு பயிற்சி கண்டுபிடித்தார். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, மற்றக் காதால் பக்கத்து மூலைத் தடுப்பில் பேசுவதைக் கேட்பது. அங்கே ம் கொட்ட முடியாதே, ஒட்டுக்கேட்பது தெரிந்துவிடும். மெஷினின் ஆங்கிலத்தைவிடப் பிலோமினாவின் ஆங்கிலம் அவருக்குச் சீக்கிரம் பிடிபட ஆரம்பித்தது.

ஒருநாள் வெளிறிப்போன முகத்தோடு எழுந்து வந்தார். என் கையைப் பிடித்து மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் சத்தமாகவே பேச வேண்டியிருந்தது.

“மாஸ்டர், அந்தப் பொண்ணு இன்னா பேசிகினு கீதுன்னு உனக்குத் தெரியுமா?”

“இன்டர்வியூவுக்குப் பழகுது.”

“‘ஹஸ்பண்ட் ஈவினிங் கம்மிங்’னு சொல்லுது. அவருக்கு மீன் வறுக்கணும்னு சொல்லுது. அவரு சக்கர இல்லாமத்தான் டீ குடிப்பாருன்னு சொல்லுது. அந்தோணி பொட்டிய கல்லறைக்குத் தூக்கிகினு போனதுல ஒரு தோளு என்து மாஸ்டர். இப்ப இன்னான்னா, பக்கத்து ரூம்ல அவன் உசுரோட கீறான்.”

இல்ல

அதட்டிக் கேட்கிற விஷயமில்லை. டீ வாங்கி வைத்து, மெதுவாகக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

முதன்முதலில் பேச ஆரம்பித்த அன்று மெஷின் குடும்பத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறது. நம்மிடம் யார் இப்படிக் கேட்டாலும் என்ன சொல்வோம்? நம் வீட்டு மனிதரைச் ‘செத்துப்போனார்’ என்று வாயால் சொல்ல மாட்டோம். ‘அவர் இல்ல’ என்போம். அந்த ‘இல்ல’வை நம் பக்கத்தில் யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. குரல் இறங்குவதிலேயே தெரிந்துவிடும். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். பிலோமினாவும் அதையே சொல்லியிருக்கிறாள், அப்படியே ஆங்கிலத்தில் போட்டு: ‘மை ஹஸ்பண்ட் இஸ் நாட் தேர்.’

மெஷினுக்கு வார்த்தைதான் தெரியும், குரல் இறங்குவது தெரியாது. ‘ஓ, வெளியே போயிருக்கிறாரா? எப்போது வருவார்?’ என்று உற்சாகமாகக் கேட்டிருக்கிறது. அதைத் திருத்த அவளிடம் அப்போது ஆங்கிலம் இல்லை. தெரிந்த ஒரே வார்த்தை ‘ஈவினிங்’. சொல்லிவிட்டாள். ‘நல்லது, வந்ததும் அவருக்கு என்ன சமைப்பீர்கள்?’ என்று அது கேட்டது. மீன் என்றாள். என்ன மீன் என்றது. இப்படியே போய்விட்டது.

நம் சென்டரில் எல்லோருக்கும் மெஷினில் ஒரே அக்கவுண்ட்தான். ஒருவர் பேசியது இன்னொருவருக்குத் தெரியக்கூடாது என்று பழைய பேச்சு எதையும் நினைவில் வைக்காதபடி நான்தான் மாற்றி வைத்திருந்தேன். அதனால் தினமும் அது புதிதாகக் கேட்டது. தினமும் அவர் வேலைக்குப் போயிருந்தார். தினமும் சாயங்காலம் வருவதாக இருந்தார். அந்தச் சாயங்காலம் வருவதற்குள் அவளுடைய நேரம் முடிந்து நான் மெஷினை மூடிவிடுவேன். புளி, மிளகாய்த்தூள், ஷிப்ட், ஹெல்மெட், தன் சின்ன மகளின் பள்ளிக்கூடம் என்று அவள் கற்ற ஆங்கிலம் முழுவதும் அவர் வருவதற்குமுன் செய்யவேண்டிய வேலைகளைச் சுற்றியே வளர்ந்திருந்தது. அவளே சொன்னாள்:

“பொய் சொல்லணும்னு சொல்லல சார். அது ‘எப்ப வருவாரு’ன்னு கேட்டுச்சி. ரொம்ப நாளு கழிச்சி ஒருத்தரு அப்டி கேட்டாங்க.”

தினம் துக்கம்

இன்டர்வியூவில் குடும்பத்தைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அதனால் சரியான வாக்கியம் தெரிந்தாக வேண்டும் என்றேன். அவளும் ஒத்துக்கொண்டாள். எனக்குத் தெரிந்தது ‘எக்ஸ்பயர்டு’. நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வது, மனுவில் எழுதுவது அதுதான். நான் அதைக் கற்றது மருந்துப் பெட்டிகளின் மேல். மெஷின், மனிதருக்கு அந்த வார்த்தை அவ்வளவு பொருத்தமில்லை, ‘பாஸ்டு அவே’ என்று சொல்லுங்கள் என்றது. காலாவதி என்பதைவிட அது எனக்கும் தேவலை என்று பட்டது.

பிலோமினா சொன்னாள். மெஷினின் குரல் சட்டென்று தணிந்தது. உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன், இது எவ்வளவு கடினம் என்று புரிகிறது, இதைப் பற்றிப் பேச விரும்புகிறீர்களா என்றது. அவள் வேண்டாம் என்றாள். மறுநாள் அந்த வாக்கியத்தைச் சொன்னதும், நேற்று ஒன்றும் நடக்காதது போல, இப்போதுதான் செய்தி கேட்டது போல, மறுபடியும் அதே வருத்தம். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் முதல் ஆளாக வந்து நின்று கையைப் பிடித்துக்கொண்டது. வாக்கியம் வாயில் பழகுவதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் இன்னும் மெதுவாக வந்தது. அப்புறம் அவள் அதை விட்டுவிட்டாள். தடுப்புக்குப் பின்னால் மறுபடியும் ‘நாட் தேர்’ கேட்டது. போய் நின்றேன்.

ஹெட்போனை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். “முப்பதாம் நாளு பூசையோட ஊரே கேக்கறத விட்டுச்சி சார். இது மட்டும் தெனம் வந்து துக்கம் விசாரிச்சிகினு கீது. பேஜாரா கீது சார், நானு பழையபடியே பேசிக்கறேன்.”

ஹெட்போன்

மூலைத் தடுப்பின் ஹெட்போனில் ஒரு காது விட்டு விட்டுக் கேட்கிறது என்று அவள் சொல்லியிருந்தாள். மத்தியானம் யாரும் இல்லாதபோது ஒயரை ஒட்டிவிட்டு, சரியாகிவிட்டதா என்று பார்க்க மாட்டிக்கொண்டேன். மெஷின் வணக்கம் சொன்னது. இன்று எப்படிப் போகிறது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டது. இரண்டு காதிலும் தெளிவாகக் கேட்டது.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல எனக்குச் சரியான வார்த்தை தெரியும். ஊருக்கே சொல்லித் தந்தவன். உட்கார்ந்திருந்தேன். மெஷின் ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. தேவராஜ் எப்போது படியேறி வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை.

“இன்னா மாஸ்டர், சத்தம் வரலியா?”

“சரியா வரல.”

குனிந்து என் காதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு பழையபடி என் காதிலேயே வைத்துவிட்டார். “அது நல்லாதான் பேசுது நைனா. உங்கிட்டேர்ந்துதான் ஒண்ணும் வரல.”

யார்டு ஆபீஸ்

இன்டர்வியூ அன்று பிலோமினா தேய்த்த புடவையோடு முதலில் சென்டருக்கு வந்தாள். மெஷினைத் திட்டிக்கொண்டே தினமும் வந்துகொண்டிருந்த அண்ணாச்சி தன் வரிசையை விட்டுக்கொடுத்து, “தைரியமா பேசு தாயி” என்றார். மூலைத் தடுப்பில் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனாள். போகிறபோது, அந்த வாக்கியத்தையும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாயா என்று கேட்டேன். தெரியும் சார் என்றாள்.

அங்கே நடந்ததை அவளே பிற்பாடு சொன்னாள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். அதில் ஒருவர் அந்தோணியோடு பழகிய யார்டு மேனேஜர். மற்ற இருவரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள். யார் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் பேப்பரைப் பார்த்திருக்கவில்லை. பெயர், ஊர், படிப்பு எல்லாம் கேட்டார்கள். தடங்கல் இல்லாமல் சொன்னாள். ஏஜெண்ட் ஒருவர் கோபமாக வந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார்கள். அதற்கும் சொன்னாள். அந்த வெளியூர் அம்மாளுக்குப் பிடித்துப்போய்விட்டது. சிரித்துக்கொண்டே, இன்டர்வியூ முடிந்துவிட்டது, சும்மாதான் கேட்கிறேன் என்பது போல, உங்கள் கணவர் என்ன செய்கிறார் என்றார்.

மெஷின் கேட்பது போலவே கேட்டாராம். அதே நல்ல குரல், அதே உற்சாகம். பிலோமினா நிறுத்தி யோசிக்கவே இல்லை. இங்கேதான் யார்டில் வேலை செய்கிறார் மேடம், இப்போது வீட்டில் இல்லை, சாயங்காலம் வந்துவிடுவார் என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னாள். சர்க்கரை இல்லாமல் டீ குடிப்பார் என்பது வரை போய்விட்டாள். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்ததைப் பார்த்தபிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்ததாம். அதன் பிறகு சரியான வாக்கியத்தைச் சொன்னாள். அப்போது யாரும் அதைக் கேட்கிற நிலையில் இல்லை.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. இரக்கப்பட்டுத்தான் முடிவு செய்தார்கள். ஆங்கிலம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று மேனேஜரே போனில் சொன்னாராம். ஆனால் இன்னும் மனசு தேறவில்லை, கவுண்டரில் பலபேர் வந்து போகிற இடம், கொஞ்ச நாள் போகட்டும், அதுவரை ஆள் தொந்தரவு இல்லாத வேலையாகக் கொடுக்கிறோம் என்றார். ஆள் தொந்தரவு இல்லாத வேலை என்றால், யார்டு பெருக்குவது.

வேலையில் சேர்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை, கம்பெனி கொடுத்த நீல மேல்சட்டையோடு மாடியேறி வந்தாள். தேவராஜும் இருந்தார். ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் பெருக்க வேண்டுமாம், தலை புழுங்குகிறதாம். அந்த இடத்தை எப்படியம்மா பெருக்குகிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேறொன்றைக் கேட்டேன். “அத்தனை தடவை பழகினியேம்மா, அந்த ஒரு வாக்கியம் ஏன் வரல?”

தேவராஜ் ம் கொட்டாமல் காத்திருந்தார். அவள் ஹெட்போன் ஒயரின் சிக்கலைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: “தமிழ்லதான் சார் அவரு செத்துட்டாரு. இங்கிலீஷ்ல இன்னும் வேலைக்குப் போயிட்டுதான் கீறாரு.” மாட்டிக்கொண்டு, “தொறந்து வுடுங்க சார்” என்றாள்.

வாசலில் ‘பேசப் பேச ஆங்கிலம் வரும்’ என்று நான் எழுதிய பலகை இன்னும் தொங்குகிறது. யார் வர மாட்டார்கள் என்று எழுத அதில் இடம் விடவில்லை.